தவணை ஃபோனுக்குப் பூட்டு: தருமபுரி, கிருஷ்ணகிரி கடைக்காரருக்கு எந்த வழி சரிப்படும்?

பாலக்கோடு, காவேரிப்பட்டணம், ஊத்தங்கரை, அரூர் என்று எந்த ஊர் மொபைல் கடையில் கேட்டாலும் ஒரே பேச்சுதான். மொத்தப் பணம் வைத்து வாங்குகிறவர் குறைவு, "டியூவுக்குக் கிடைக்குமா?" என்று கேட்கிறவர்தான் அதிகம். டியூவுக்குக் கொடுத்தால் பணம் வருமா என்பது கடைக்காரரின் கவலை. அந்தக் கவலையைக் குறிவைத்து, "கட்டலைன்னா இங்கிருந்தே ஃபோனை லாக் பண்ணிடலாம்" என்று செயலி விற்கிறவர்கள் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். வாங்கலாமா, வேண்டாமா, வேறு வழி உண்டா என்று யோசிக்கிற சிறு கடைக்காரருக்காக இதை எழுதுகிறேன். பெரிய ஷோரூம்களுக்கு இந்தக் குழப்பம் கிடையாது, அவர்களுக்காக ஃபைனான்ஸ் கம்பெனி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். டியூ தவறுகிறவர்களில் கையில் பணம் இருந்தும் இழுத்தடிக்கிறவர் ஒரு வகை, கையில் பணமே இல்லாதவர் இன்னொரு வகை. பூட்டு வேலை செய்வது முதல் வகையிடம் மட்டும்தான். தக்காளி விலை விழுந்து, பறிக்கிற கூலிக்கே கட்டாமல் தோட்டத்தில் விட்டுவிட்ட ராயக்கோட்டை விவசாயியின் ஃபோனைப் பூட்டினால் பணம் வராது. வியாபாரி கூப்பிடுகிற அழைப்பும் அவருக்குப் போய்ச் சேராது என்பதுதான் மிச்சம். ஆகவே எந்தப் பூட்டு நல்லது என்று பார்ப்பதற்கு முன்னால், நம் கடைக்கு வருகிறவர் யார் என்பதைப் பார்க்க வேண்டும்.

ஃபைனான்ஸ் கம்பெனி வழி

பஜாஜ் ஃபைனான்ஸ், டிவிஎஸ் கிரெடிட், எச்டிபி போன்ற ரிசர்வ் வங்கியில் பதிவான நிறுவனங்கள் மூலம் விற்பது முதல் வழி. கடன் கொடுப்பது அவர்கள், வசூலிப்பதும் அவர்கள். கடைக்குப் பணம் ஓரிரு நாளில் வங்கிக் கணக்கில் வந்துவிடும். டியூ நின்றால் தலைவலி அவர்களுக்கு. லாபத்தில் ஒரு பகுதி போகிறது என்பது உண்மைதான். ஆனால் அடுத்த சரக்கு எடுக்கக் கையில் காசு இருக்கிறது. கடைக்காரருக்கு இதைவிடப் பெரிய சௌகரியம் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

வாங்குகிறவருக்கும் இதில் சில பாதுகாப்புகள் உண்டு. 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடன்களுக்கு வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு எவ்வளவு விழுகிறது என்ற விவரத்தாளை நிறுவனம் கொடுத்தாக வேண்டும். ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகளின்படி, கடன் செயலி ஃபோனில் உள்ள தொடர்பு எண்கள், அழைப்புப் பட்டியல், படங்கள் ஆகியவற்றை எடுக்கக் கூடாது. வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது. டியூ ஒழுங்காகக் கட்டினால் சிபில் ஸ்கோர் என்கிற கடன் மதிப்பெண் ஏறும், நாளைக்கு டிராக்டருக்கோ வண்டிக்கோ கடன் கேட்கும்போது அது உதவும். நம் கடை நோட்டில் எழுதிக் கட்டுகிற டியூவுக்கு அந்தப் பலன் கிடையாது.

பூட்டு விஷயத்தில் 2025 அக்டோபர் வரை இந்த நிறுவனங்களுக்கே நிலைமை திடமாகவில்லை. கடன் தவறியவரின் ஃபோனைப் பூட்டுவதை நிறுத்தச் சொல்லி 2024-இல் ரிசர்வ் வங்கி நிறுவனங்களிடம் தெரிவித்திருந்தது. முன்கூட்டியே ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும், சொந்தத் தகவலைத் தொடக் கூடாது என்ற நிபந்தனைகளோடு மீண்டும் அனுமதிக்கும் யோசனை இருப்பதாக 2025 செப்டம்பரில் செய்தி வந்தது. அடுத்த மாதமே ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ரா, விஷயம் பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னார். பதிவான நிறுவனங்களே இப்படித் தயங்கித் தயங்கி அடி வைக்கிற இடத்தில், ஒரு தாலுகா கடைக்காரர் தன் கவுன்ட்டரில் உட்கார்ந்து அடுத்தவர் ஃபோனைப் பூட்டுவது எவ்வளவு துணிச்சலான காரியம் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த வழியில் குறை எங்கே வருகிறது? எல்லாருக்கும் கடன் கிடைக்காது. ஓசூர் சிப்காட்டில் சம்பளச் சீட்டு வாங்குகிறவருக்கு ஐந்து நிமிடத்தில் பாஸ் ஆகிவிடும். சித்தேரி மலையிலிருந்தோ அஞ்செட்டி பக்கத்திலிருந்தோ வருகிறவர், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் வருகிறவர், இதுவரை கடனே வாங்காதவர், இவர்களெல்லாம் ரிஜெக்ட். அப்போது அவர் என்ன செய்கிறார்? மச்சான் பேரில், பக்கத்து வீட்டுக்காரர் பேரில் எடுத்துத் தரச் சொல்கிறார். இதைக் கடைக்காரர் ஊக்குவிக்கவே கூடாது. ஃபோன் ஒருவர் கையில், கடன் இன்னொருவர் பேரில் என்றால், டியூ நின்ற நாளில் இரண்டு குடும்பமும் சண்டைக்கு வருவது நம் கடை வாசலுக்குத்தான்.

அந்த ரிஜெக்ட் ஆன வாடிக்கையாளரை விட மனமில்லாமல்தான் கடைக்காரர் அடுத்த வழிகளைப் பார்க்கிறார்.

கியூஆர் ஸ்கேன் பண்ணிப் போடுகிற செயலிகள்

கடை கடையாக விற்கப்படுவது இதுதான். வேலை செய்யும் விதம் எளிது. புது ஃபோனைத் திறந்ததும் வருகிற வரவேற்புத் திரையில் ஒரே இடத்தில் ஆறு முறை தட்டினால் கியூஆர் ஸ்கேனர் திறக்கும். ஆண்ட்ராய்டு 7-லிருந்து இந்த வசதி இருக்கிறது. உண்மையில் இது கம்பெனிகள் தங்கள் ஊழியர்களுக்குக் கொடுக்கிற ஃபோன்களை நிர்வகிக்கக் கூகுள் வைத்த கதவு. அந்தக் கதவு வழியாக நுழைகிற செயலி, ஃபோனுக்கே முதலாளி ஆகிவிடுகிறது. எந்தச் செயலி திறக்கலாம், கேமரா வேலை செய்யலாமா, செட்டிங்ஸில் ரீசெட் செய்யலாமா, எல்லாம் அதன் கையில். கடைக்காரர் தன் ஃபோனில் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், இணைய இணைப்பு இருந்தால் சில நொடிகளில் அந்தப் பக்கம் பூட்டு விழும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஓட்டைகள் எங்கே என்பதையும் பார்க்க வேண்டும்.

செட்டிங்ஸ் வழி ரீசெட்டை அந்தச் செயலி தடுக்கும். ஆனால் ஃபோனை அணைத்துவிட்டு, பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து அமுக்கி ரெக்கவரி வழியாக ரீசெட் செய்வதை வெறும் செயலியால் முழுதாகத் தடுக்க முடியாது. அப்படி அழித்த பிறகு, முன்பிருந்த கூகுள் கணக்கைக் கேட்கிற பாதுகாப்பு ஒன்றுதான் மிச்சம். ஆண்ட்ராய்டு 11-லிருந்து அந்தக் கணக்கைக் கடைக்காரர் தரப்புக் கணக்காக வைக்க வழியுண்டு. மலிவான செயலிகள் எல்லாம் அதை ஒழுங்காகச் செய்கின்றனவா என்பது சோதித்துப் பார்த்தால்தான் தெரியும். அதையும் தாண்டி ஃபோனின் மென்பொருளையே மாற்றி ஏற்றி, ஃபிளாஷ் பண்ணித் தருகிறேன் என்கிற ஆள் பெரிய நகரங்களில் கிடைப்பார். நம் வாடிக்கையாளரில் பாதிப் பேர் வாரா வாரம் பெங்களூரு போய் வருகிறவர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

ஏமாற்ற நினைக்கிறவர் வெளியே வந்துவிடுவார். மாட்டிக்கொள்வது யார் என்றால், டியூவை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு மலைக்கிராமத்தில் இருக்கிறவர். இந்தச் செயலிகளில் பலவற்றில், ஃபோன் இத்தனை நாள் சர்வரோடு பேசவில்லை என்றால் தானாகப் பூட்டிக்கொள்கிற ஏற்பாடு இருக்கும். சிம்மைக் கழற்றிவிட்டு ஏமாற்றுகிறவரைப் பிடிக்க அது. ஆனால் டவர் எட்டாத ஊரில் ரீசார்ஜ் தீர்ந்து நாலு நாள் கிடந்த ஃபோனுக்கும் அதே தண்டனைதான். டியூ பாக்கி இல்லாமலே பூட்டிக்கொண்ட ஃபோனோடு பஸ் ஏறி ஒருவர் அரூர் வந்து நின்றால், அந்த வாடிக்கையாளர் மட்டுமல்ல, அவர் ஊரே நம் கடைக்கு வராது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. டியூ கட்டுவது ஜிபே, ஃபோன்பே வழியாக. ஜிபே இருப்பது பூட்டிய ஃபோனுக்குள். "அண்ணா, ஃபோனே ஓப்பன் ஆகல, எதுலண்ணா நான் பணம் போடறது?" என்று அவர் அடுத்தவர் ஃபோனில் கூப்பிட்டுக் கேட்பார். பூட்டுத் திரையிலிருந்தே பணம் கட்ட வழி வைக்காத செயலி தன் வேலையைத் தானே கெடுத்துக்கொள்கிறது. ஆட்டோ ஓட்டுகிறவர், ஓசூரில் உணவு டெலிவரி செய்கிறவர் ஆகியோருக்குப் பூட்டு விழுந்த நாளே வருமானம் நின்ற நாள்.

எனக்கு இதில் மிகவும் உறுத்துவது, சாவி யார் கையில் இருக்கிறது என்பதுதான். விற்றது நீங்கள், பில் போட்டது நீங்கள், பணம் உங்களுடையது. ஆனால் பூட்டுகிற, திறக்கிற சர்வர் எங்கோ உட்கார்ந்திருக்கிற ஒருவருடையது. அவர் கட்டணம் கட்டாமல் சர்வர் நின்றுபோனால், அல்லது கம்பெனியையே மூடிவிட்டுப் போனால், நீங்கள் விற்ற ஐம்பது ஃபோனும் தானாகப் பூட்டிக்கொண்டு, திறக்க ஆளில்லாமல் போகலாம். ஞாயிற்றுக்கிழமை மாலை பணம் கட்டியவருக்குத் திங்கள் மதியம்தான் திறக்கும் என்றால், நடுவில் வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால், பதில் சொல்ல வேண்டியது நீங்கள். பூட்டிய நிலையிலும் அவசர எண் 112-க்கும் இரண்டு மூன்று வீட்டு எண்களுக்கும் பேச முடிய வேண்டும் என்பது பேரத்துக்கு உட்படாத நிபந்தனை.

சட்டமும் இந்த இடத்தில்தான் கடிக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதி இல்லாமல் ஒரு கணினிச் சாதனத்தை அவர் அணுக முடியாதபடி தடுப்பதைத் தவறு என்கிறது. அதையே நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால், 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். பில் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். ஆகவே தமிழில் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிய ஒப்புதல் தாள் இல்லாமல் பூட்டுவது நேராகப் போய் மாட்டிக்கொள்வது. தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே தாள் இருக்க வேண்டும், பூட்டுத் திரையில் வருகிற செய்தியும் அப்படித்தான். போதாதற்குத் தமிழ்நாட்டில் 1957-இன் வட்டிக்கடைச் சட்டம், 2003-இன் கந்துவட்டித் தடைச் சட்டம், கடனை நெருக்கி வசூலிப்பதைத் தடுக்க 2025-இல் வந்த புதுச் சட்டம் என்று வரிசையாக இருக்கின்றன. தவணை விலையில் நீங்கள் கூட்டி வைக்கிற தொகை வட்டியா, விலையா என்ற கேள்வியை ஆடிட்டரிடம் இன்றைக்கே கேட்டுக்கொள்வது, பூட்டிய ஃபோனோடு ஒருவர் காவல் நிலையம் போன பிறகு கேட்பதைவிட நல்லது.

சில செயலிகள் பூட்டுவதோடு நிற்காமல் இருக்கும் இடம், தொடர்பு எண்கள், படங்கள் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கின்றன. சொந்தக்காரர்களுக்குக் கூப்பிட்டு மானத்தை வாங்கத்தான் அது பயன்படும். அப்படிக் கேட்கிற செயலியைத் தொடவே வேண்டாம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்து, 2025 நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன. நாளைக்கு அந்தத் தகவலுக்கும் கணக்குக் கேட்பார்கள்.

சாம்சங், கூகுள் வைத்திருக்கிற பூட்டுகள்

பூட்டு என்று ஒன்று வேண்டுமென்றால் தொழில்நுட்பத்தில் தரமானது சாம்சங்கின் நாக்ஸ் கார்டு. செயலியாக மேலே உட்காராமல் ஃபோனோடு சேர்ந்தே வருகிறது, ஒவ்வொரு ஃபோனுக்கும் தனியாக இருக்கிற ஐஎம்இஐ என்ற அடையாள எண்ணை வைத்துப் பதிவாகிறது. ரீசெட் செய்தாலும் இணையத்தோடு இணைந்ததும் மறுபடி வந்து நிற்கும். நினைவூட்டல் செய்தி, இடைவிட்டு வருகிற எச்சரிக்கை, பிறகு பூட்டு என்று படிப்படியாகப் போகலாம். இணையம் இல்லாத இடத்தில் கடவு எண் சொல்லித் திறக்கவும் வழி உண்டு. நம் மலைப்பக்கத்துக்கு அந்த ஒன்று பெரிய விஷயம். குறை என்ன? சாம்சங் ஃபோனுக்கு மட்டும்தான், ஃபோனுக்கு இவ்வளவு என்று உரிமக் கட்டணம், சாம்சங் சரிபார்த்து ஏற்ற நிறுவனக் கணக்கும் வேண்டும். மாதம் பத்துப் பதினைந்து ஃபோன் தவணைக்கு விடுகிற கடைக்கு இந்த ஏற்பாடு கனம். கிருஷ்ணகிரி, ஓசூர், பர்கூர் என்று நாலைந்து கிளை வைத்திருக்கிறவர் யோசிக்கலாம்.

கூகுளும் கடன் கொடுப்போருக்கென்று டிவைஸ் லாக் கன்ட்ரோலர் என்பதை வைத்திருக்கிறது. கென்யாவில் 2020-இல் சஃபாரிகாம் நிறுவனத்தோடு சேர்ந்து தினத்தவணைக்கு ஃபோன் விற்றபோது இந்த வகைப் பூட்டுதான் பின்னால் இருந்தது. அது பெரிய நிறுவனங்களின் விளையாட்டு, நம் கவுன்ட்டருக்கு வராது.

ஐஃபோனைப் பற்றிச் சுருக்கமாக. கடைக்காரர் தன் ஆப்பிள் கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டு, டியூ முடிந்ததும் எடுத்துவிடுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. வேண்டாம். அவர் எடுக்கிற படம் உங்கள் ஐகிளவுடில் வந்து விழும், அதன் பிறகு வருகிற வம்புக்கு ஃபோன் விலை போதாது. ஐஃபோன் தவணை என்றால் ஃபைனான்ஸ் கம்பெனியோ கிரெடிட் கார்டோதான்.

இன்னொரு தவறான யோசனையும் காதில் விழுகிறது. டியூ கட்டாதவரின் ஃபோன் தொலைந்துவிட்டதாகப் புகார் கொடுத்து, சஞ்சார் சாத்தி தளத்தின் வழியாக ஐஎம்இஐயை முடக்கிவிடலாமாம். அது திருட்டுப்போன, தொலைந்துபோன ஃபோன்களுக்கான அரசு வசதி. போலீஸ் புகார் நகல் இல்லாமல் நடக்காது. பொய்ப் புகார் கொடுத்து முடக்கினால் குற்றவாளி கடனாளி அல்ல, கடைக்காரர்.

பூட்டே இல்லாமல்

கேட்கப் பழைய பாணியாகத் தெரியும் இந்த வழிக்குத்தான் என் ஓட்டு, அளவோடு செய்தால். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 15,000 ரூபாய் ஃபோன், முன்பணம் 5,000, மீதி 10,000-ஐ ஐந்து டியூவாக 2,000 வீதம். இருபது ஃபோன் விட்டதில் இரண்டு பேர் முதல் டியூவோடு நின்றுவிட்டால் 16,000 ரூபாய் போச்சு. ஃபோனுக்கு 1,000 லாபம் என்றால் மொத்த லாபமே 20,000. அதே முன்பணத்தை 8,000 ஆக்கினால் மீதி 7,000, டியூ 1,400. அதே இரண்டு பேர் அதே இடத்தில் நின்றாலும் நஷ்டம் 11,200-தான். எந்தச் செயலிக்கும் சந்தா கட்டாமல் 4,800 ரூபாய் மிச்சம். பாதிப் பணத்தை முன்னால் போட்டவர் அவ்வளவு எளிதில் விட்டுவிட்டுப் போகவும் மாட்டார்.

முன்பணத்துக்கு அடுத்தது டியூ தேதி. எல்லாருக்கும் 5-ஆம் தேதி என்று வைப்பது ஃபைனான்ஸ் கம்பெனியின் சௌகரியம். நாம் ஏன் அப்படி வைக்க வேண்டும்? ஓசூர், சூளகிரி கம்பெனி ஆட்களுக்குச் சம்பளம் ஏறியதற்கு மறுநாள். பால் ஊற்றுகிறவருக்குச் சொசைட்டியில் பணம் போடுகிற நாளை ஒட்டிச் சின்னச் சின்னத் தொகை. மாந்தோப்புக் குத்தகைக்காரருக்கு மாம்பழ சீசன் முடிகிற சமயத்தில் பெரிய டியூ. வங்கிக் கணக்கில் பணம் நிற்கிறவர்களுக்கு யுபிஐ ஆட்டோபே போட்டுவிடலாம், 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் பின் போடாமலே எடுக்கும். அவர் நினைத்தால் அதை ரத்து செய்துவிடலாம் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

மூன்றாவது, தெரிந்த முகம். ஊரில் ஜாமீன் சொல்ல ஒருவர், ஆதார் நகல், வீட்டு முகவரி. கடைக்கு நாலு வருடமாக ரீசார்ஜுக்கு வருகிறவருக்கும், ஹைவேயில் இறங்கி முதல் தடவையாக வருகிறவருக்கும் ஒரே விதி வைக்க வேண்டியதில்லை. தருமபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடை வைத்திருப்பவருக்குத் தெரிந்த முகம் குறைவு. அவர் சொந்தக் கடனையே தொடாமல் ஃபைனான்ஸோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். பென்னாகரம், காரிமங்கலம் மாதிரி ஊர்களில் கடைக்காரருக்கு வாடிக்கையாளரின் அப்பாவையே தெரியும். அங்கே மொத்த விற்பனையில் ஒரு சிறு பகுதியை, மூழ்கினாலும் கடை தாங்குகிற அளவை, சொந்தக் கடனாக விடலாம். இருபது ஃபோன் பணம் வெளியே நின்றால் ராத்திரி தூக்கம் போகிறது என்றால் பத்தோடு நிறுத்துங்கள், பூட்டை வாங்கி வந்து நாற்பதாக்க வேண்டாம். செயலி விற்கிறவர் சொல்லாமல் விடுவது இதைத்தான். பூட்டு இருக்கிறது என்ற தைரியத்தில் கடைக்காரர் முன்பணத்தைக் குறைக்கிறார், முகம் பார்க்காமல் கொடுக்கிறார், நஷ்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பழைய ஃபோன் எடுக்கிறவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. விற்க வந்த ஃபோனின் பூட்டுத் திரையிலோ செட்டிங்ஸிலோ 'இந்தச் சாதனம் உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்ற வரி தெரிந்தால், அதன் டியூ எங்கோ பாக்கி இருக்கலாம். கடன் முடிந்த தாள் இல்லாமல் வாங்க வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகு செயலிதான் வேண்டும் என்கிறவர், விற்க வருகிறவரைக் கவுன்ட்டரிலேயே சோதிக்கட்டும். உங்களிடம் கிடக்கிற பழைய ஃபோனில் போடச் சொல்லுங்கள். பூட்டச் சொல்லுங்கள். அவர் கண் முன்னாலேயே ரெக்கவரியில் போய் அழித்துப் பாருங்கள். சிம்மைக் கழற்றி ஒரு வாரம் மேசை டிராயரில் போட்டு வையுங்கள், என்ன ஆகிறது என்று தெரியும். பூட்டிய திரையிலிருந்து 112-க்கு அழைப்பு போகிறதா, பணம் கட்டும் வழி திறக்கிறதா என்று பாருங்கள். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு அவர்களுடைய உதவி எண்ணுக்குக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்லுங்கள். டியூ முடிந்த ஃபோனிலிருந்து செயலி முழுதாக அகன்றுவிடுகிறதா, ஒரு மூலையில் ஒளிந்துகொண்டிருக்கிறதா என்பதையும் அதே ஃபோனில் பார்த்துவிடலாம். கம்பெனி நின்றுபோனால் எல்லா ஃபோனும் தானாகத் திறந்துவிடும் என்று எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்கண்ணா" என்று வாய்வார்த்தையோடு நிறுத்தினால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.